விற்க முடியாத குளவி

2008 ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் ஒரு புதிய மாவுப்பூச்சி கண்ணில் பட்டது. இரண்டு வருடத்துக்குள் அது கொங்குப் பக்கத்து மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி எதையும் விட்டுவைக்கவில்லை. வாசலில் நிற்கும் செம்பருத்தியும் வேலியோரத்துப் பார்த்தீனியமும்கூட வெள்ளை பூத்து நின்றன. பப்பாளி மாவுப்பூச்சி என்று பெயர் வைத்தாலும், அறுபதுக்கு மேற்பட்ட செடி வகைகளில் பிழைக்கக்கூடியது அது. சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா.

மருந்து அடித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஏன் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் பூச்சியின் உடலிலேயே இருக்கிறது. மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் கலந்த மருந்து அதில் ஒட்டாமல் உருண்டு விழும். லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்புக் கரைசலையோ ஒட்டும் திரவத்தையோ சேர்த்தால் ஓரளவு ஒட்டும். அப்போதும் சாவது வெளியே திரிகிற குஞ்சுகள்தான். தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பஞ்சு போன்ற பைக்குள் இட்டு வைத்திருக்கும், மருந்து அந்தப் பைக்குள் இறங்காது. பத்து நாளில் முட்டை பொரிந்து, வயல் மறுபடியும் பழைய நிலைக்கு வரும். இதற்குள் அடித்த மருந்து பொறிவண்டுகளைக் கொன்று தீர்த்திருக்கும். மல்பெரித் தோட்டக்காரருக்கு நிலைமை இன்னும் மோசம்: மருந்து பட்ட இலையைப் போட்டால் பட்டுப்புழு செத்துவிடும், போடாவிட்டால் பட்டினி கிடக்கும்.

இந்தப் பூச்சி மெக்சிகோவில் ஏன் பெரும் தொல்லையாக இல்லை என்ற கேள்வியில்தான் விடை இருந்தது. அங்கே அதன் உடலுக்குள் முட்டையிட்டு வாழும் ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு. இங்கே பூச்சி மட்டும் வந்துவிட்டது, அதன் எமன் வரவில்லை. 1999 முதல் அமெரிக்க வேளாண் துறை இந்தக் குளவிகளைக் கரீபியன் பகுதியில் உள்ள போர்ட்டோ ரிக்கோவிலும் டொமினிக்கன் குடியரசிலும் விட்டுப் பார்த்துப் பூச்சியை அடக்கியிருந்தது. போர்ட்டோ ரிக்கோவிலேயே வளர்ப்புக் கூடமும் வைத்திருந்தது. இலங்கைக்கும் இந்தக் குளவிகள் நமக்கு முன்பே வந்துவிட்டன.

இந்தியாவுக்கு அவை 2010 ஜூலையில் வந்தன. அசெரோபேகஸ் பப்பாயே, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா, அனாகைரஸ் லோக்கி என்று மூன்று இனம். அமெரிக்க அரசின் யுஎஸ்எய்டு பணத்தில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நடத்திய ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைத் திட்டமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று அழைக்கப்படும் பெங்களூரு நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை இது.

"குளவியைப் பெட்டியில் போட்டு அனுப்ப எதற்கு இத்தனை அமைப்பு" என்று கேட்கத் தோன்றும். வந்த குளவியை அப்படியே வயலில் திறந்துவிட முடியாது. முதலில் இறக்குமதி அனுமதி. அடுத்து, பூட்டிய தனிமைக் கூடத்தில் தலைமுறை கடத்த வேண்டும், ஏனென்றால் குளவிக்குள்ளும் குளவி உண்டு. நல்ல குளவியின் புழுவைத் தின்று வாழும் மேல் ஒட்டுண்ணி ஒன்று சரக்கோடு கலந்து வந்து வெளியேறிவிட்டால், திட்டம் முழுவதும் வீண். அதோடு, இந்தக் குளவி பட்டுப்புழுவையோ தேனீயையோ வேறு நன்மை செய்யும் பூச்சியையோ தொடுகிறதா என்று பார்த்தாக வேண்டும். இவ்வளவும் முடிந்து, அந்த ஆண்டு அக்டோபரில்தான் வயலில் விடத் தொடங்கினார்கள்.

மூன்றில் இங்கே நன்றாகக் காலூன்றியது அசெரோபேகஸ். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத, ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறக் குளவி. கொட்டாது, வெறும் கண்ணுக்கு அது குளவி என்றே தெரியாது.

இதை வளர்க்க முதலில் மாவுப்பூச்சி வேண்டும், அதை வளர்ப்பது உருளைக்கிழங்கு முளையில். கண் நன்றாக இருக்கிற, 75 முதல் 100 கிராம் எடையுள்ள கிழங்குகளைக் கழுவி, முளைப்பைத் தூண்டும் ஜிப்பெரலிக் அமிலத்தின் 100 பிபிஎம் (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈர மணலில் இருட்டறையில் வைப்பார்கள். முளை ஓர் அங்குலத்துக்கு மேல் வந்ததும் எடுத்துக் கூண்டில் அடுக்க வேண்டும். கூண்டு 45 சென்டிமீட்டர் நீள அகல உயரம், சுற்றிலும் நெருக்கமான வலைத்துணி. கிழங்குக்கு மாவுப்பூச்சியின் மூன்று முதல் ஐந்து முட்டைப்பை வைத்தால், 25 முதல் 30 நாளில் முளை முழுக்க மாவுப்பூச்சி ஏறிவிடும். பிறகு கூண்டுக்கு 50 ஜோடி குளவி. தேன் கலந்த தண்ணீரைத் துளித் துளியாக வைக்க வேண்டும். இரண்டு வாரம் கழிந்ததும் புதுக் குளவிகள் வரத் தொடங்கும்.

சொல்வதற்குச் சுலபம். கெட்டுப்போகிற இடங்கள் நிறைய. மணலில் ஈரம் கூடினால் கிழங்கு அழுகி, முளையோடு பூச்சியும் போகும். கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு ஏறும். வயலிலிருந்து எடுத்துவந்த இலையோடு பொறிவண்டின் முட்டைகள் உள்ளே போனால் மாவுப்பூச்சி காலியாகிவிடும். அதைவிட நுட்பமான தவறு வயது. அசெரோபேகஸுக்குப் பிடித்தது இரண்டாம் பருவக் குஞ்சு, அதாவது ஒரு முறை தோலுரித்த குஞ்சு. எல்லாப் பூச்சியும் முதிர்ந்த பிறகு குளவியை விட்டால், கூண்டு நிறையப் பூச்சி இருந்தும் குளவி பெருகாது. புதிதாகக் கூடம் தொடங்குகிறவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள்: கூண்டு வெள்ளையாக இருந்தால் தயார் என்று நினைத்துவிடுவார்கள்.

வயலுக்கு வந்தால் கணக்கு சின்னது. ஓர் ஊருக்கு 100 குளவி போதும் என்பதே பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு இல்லை, ஊருக்கு! காலை அல்லது சாயங்கால வேளையில், பூச்சி அடர்ந்த மரத்தின் இலையடியில் குப்பியைத் திறந்தால் போதும். பறந்து, தேடி, பெருகுவதைக் குளவி பார்த்துக்கொள்ளும். மருந்து அடித்த வயலாக இருந்தால் இரண்டு வாரமாவது கழிய வேண்டும்.

ஐந்தாறு மாதத்தில் மாநிலம் முழுக்கப் பூச்சி அடங்கியது. 2014இல் வெளியான ஒரு பொருளாதார மதிப்பீடு, ஐந்து ஆண்டில் இதனால் கிடைத்த பலனை 52.4 கோடி டாலர் முதல் 134 கோடி டாலர் வரை என்று கணித்தது. இடைவெளி பெரிதாக இருக்கிறதே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. கீழ்க்கணக்கையே எடுத்துக்கொண்டாலும் போதும்.

இதை ஏன் பொதுப்பணம் செய்ய வேண்டியிருந்தது? நல்ல குளவி என்பது வியாபாரியின் கண்ணில் மிக மோசமான சரக்கு. ஒரு முறை வாங்கினால் மறுமுறை வாங்க வேண்டாம். பக்கத்து வயல்காரர் காசு கொடுக்காமலே அதன் பலனை அனுபவிப்பார். இவ்வளவு நன்றாக வேலை செய்வதாலேயே அதை விற்க முடியாது. மருந்துக் கடைக்குப் பத்து நாளுக்கு ஒரு முறை திரும்பி வருகிற ஆள் வேண்டும். அதனால்தான் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போகிற செலவையும், தனிமைக் கூடத்தின் மின்கட்டணத்தையும், உருளைக்கிழங்கு வாங்குகிற காசையும் ஓர் அரசோ நன்கொடை அமைப்போ கொடுக்க வேண்டியிருக்கிறது. நிலையான வேளாண்மை என்று மேடையில் பேசும்போது இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

விவசாயி பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதுதான் மிகக் கடினமானது: மருந்து அடிக்காமல் இருப்பது. குளவி விட்ட முதல் மாதத்தில் வயலில் எந்த மாற்றமும் தெரியாது; பூச்சி கூடுவதுபோலக்கூடத் தெரியும். பக்கத்துக்காரர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த நேரத்தில் ஒருவர் வந்து கையடக்க உருப்பெருக்கியைக் கொடுத்து, "இதோ, இந்தப் பூச்சி உப்பிப் பழுப்பாகி விறைத்திருக்கிறது பாருங்கள், இது பிணம், உள்ளே குளவி இருக்கிறது" என்று காட்டினால்தான் நம்பிக்கை வரும். ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு இப்படி வயலுக்கு வருகிற ஆளின் பஸ் கட்டணத்துக்கும் போயாக வேண்டும்.

இன்னொன்றையும் காட்ட வேண்டும். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளைக் குஞ்சலத்தோடு இருக்கும், அளவில் பெரிது, வேகமாக நகரும். "பெரிய மாவுப்பூச்சி" என்று நினைத்து அதை நசுக்குகிறவர்கள் ஏராளம். நசுக்குவது நம் காவல்காரனை.

இனி மரவள்ளிக்கு வருவோம். 2020இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளியில் வேறொரு மாவுப்பூச்சி தென்பட்டது. பிறகு நாமக்கல், சேலம், தருமபுரி என்று குச்சிக்கிழங்கு வயல்களுக்குள் புகுந்தது. நுனி இலைகள் சுருண்டு கொத்தாகும், தண்டின் கணுவிடை குறுகும். 2010இல் வந்த குளவிதான் இருக்கிறதே என்று சும்மா இருந்தவர்கள் ஏமாந்தார்கள். அசெரோபேகஸ் இந்தப் பூச்சியைத் தொடாது. இது பீனாகாக்கஸ் மேனிஹோட்டி, தென் அமெரிக்கப் பூச்சி. உடல் இளஞ்சிவப்பு. ஆணே தேவையில்லை, ஒற்றைப் பெண் போதும் ஒரு வயலை நிரப்ப. பப்பாளி மாவுப்பூச்சியோ மஞ்சள் உடல் கொண்டது. ஆல்கஹாலில் போட்டால் நீலம் கலந்த கறுப்பாக மாறும். இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு சோதனை நன்றாக உதவும்.

பூச்சியின் பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பது படிப்பாளிகளின் வெட்டி வேலை என்று நினைப்பவர்களுக்கு ஆப்பிரிக்கக் கதை ஒன்று உண்டு. 1970களில் இதே மரவள்ளி மாவுப்பூச்சி காங்கோவில் தொடங்கி ஆப்பிரிக்காவின் அன்றாடச் சோற்றையே பறித்தது. அதன் எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதிக்குப் போனவர்கள் மரவள்ளியில் மாவுப்பூச்சியைக் கண்டார்கள், குளவியும் கிடைத்தது. கொண்டுவந்தால் அந்தக் குளவி பெருகவில்லை. ஏனென்றால் அது வேறு இனம், உருவத்தில் ஏறக்குறைய இரட்டைப் பிறவி. உண்மையான பூச்சியை 1981இல் பராகுவேயில் பூச்சியியலாளர் ஆந்தனி பெல்லோட்டி கண்டார். அதிலிருந்து கிடைத்ததுதான் அனாகைரஸ் லோபெசி. நைஜீரியாவின் இபாடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் அதை வளர்த்து, இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் விட்டார்கள். ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்த நிறுவனம் குளவியின் தாய்க் கூட்டத்தை மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் விடாமல் காப்பாற்றி வந்ததால்தான் 2009இல் தாய்லாந்துக்கும் 2021இல் இந்தியாவுக்கும் கொடுக்க முடிந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதல் வயல் விடுவிப்பு நடந்தது.

நாற்பது வருடம் முன்பு கிடைத்த குளவி நமக்கு ஓரிரு ஆண்டுக்குள் கிடைத்ததற்குக் காரணம், பூச்சி அடங்கிய பிறகும் யாரோ அந்தக் கூண்டுக்குச் செலவு செய்துகொண்டிருந்தது. இங்கே பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: மூன்று வருடத் திட்டம் முடிந்ததும் ஒப்பந்த ஊழியர் போய்விடுவார், உருளைக்கிழங்கு வாங்கக் காசு இருக்காது, தாய்க் கூட்டம் அழியும். பூச்சிக்குத் திட்டக் காலம் எதுவும் கிடையாது.

லோபெசியை வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, சிறு குஞ்சில் இட்ட முட்டையிலிருந்து பெரும்பாலும் ஆண் குளவியே வரும். பெண் குளவி வேண்டுமென்றால் மூன்றாம் பருவத்துப் பூச்சியாவது கூண்டில் இருக்க வேண்டும்.

மரவள்ளியில் பூச்சி ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் கரணையில், அதாவது நடவுக்கு வெட்டும் தண்டுத் துண்டில் ஏறித்தான். நுனி சுருண்ட செடியிலிருந்து கரணை வெட்டவே கூடாது. தாய்லாந்தில் நடவுக்கு முன் கரணைகளை 20 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் தயாமெதாக்சம் 25 டபிள்யூஜி என்ற பூச்சிக்கொல்லி கலந்த கரைசலில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைக்கிறார்கள். வயல் முழுக்கத் தெளிப்பதை விட இதில் குளவிக்கு ஆபத்து குறைவு. அறுவடை முடிந்து தழையைக் குவித்து எரிக்கிற பழக்கத்தில் மட்டும் யோசனை வேண்டும்: வெளிவராத குளவிகளும் அதோடு எரியும். பூச்சி அடர்ந்த நுனியை வெட்டி எரிப்பது சரி. பழுப்பு நிற உப்பிய பூச்சிகள் தெரிகிற தழையை நிழலில் சில நாள் போட்டுவைத்துவிட்டு அழிக்கலாம்.

உங்கள் வயலில் குளவி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். பூச்சி ஏறிய ஐந்தாறு இலைகளை, பொறிவண்டும் எறும்பும் இல்லாமல் உதறிப் பார்த்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய வெள்ளைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் மூடி போட்டால் உள்ளே வியர்த்து இலை அழுகிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்குள் துணியின் அடிப்பக்கத்தில் தூசி மாதிரி நகர்கிற சின்னச் சின்ன உருவங்கள் தெரிந்தால், பாட்டிலை வயலுக்கு எடுத்துப் போய் செடிக்கு அடியில் துணியை அவிழ்த்துவிட்டு, மருந்து டேங்கை வீட்டிலேயே வையுங்கள். ஒன்றுமே வராவிட்டால், பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் குளவி கிடைக்குமா என்று கேளுங்கள். போகும்போது பூச்சி ஏறிய இலையையும் ஒரு காகித உறையில் கொண்டுபோனால் எந்தப் பூச்சி என்று அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.