ஆல்டர்மேன்களின் ஊரில் ஒரு மேசை

ப்ரோக்கன் ஹில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஊரில் அதற்கு ஒரு பொருள் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஓராண்டு ஒப்பந்த வேலை. பழைய நகராட்சிக் கூட்டக் குறிப்பேடுகளுக்கும் பத்திரிகை நறுக்குகளுக்கும் பெயர் அட்டவணை தயாரிக்க வேண்டும். ஊர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கிறது. தலைநகர் சிட்னி 1,100 கிலோமீட்டருக்கும் அப்பால். பக்கத்து மாநிலத்து அடிலெய்டோ 500 கிலோமீட்டர்தான். கடிகாரம்கூட அடிலெய்டு நேரத்தையே காட்டும். 1883இல் சார்லஸ் ராஸ்ப் என்ற பண்ணைத் தொழிலாளி இங்கே கனிமத்தைக் கண்டார். வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் ஊரை எழுப்பின. தெருக்களின் பெயர்களைப் பாருங்கள்: ஆர்ஜென்ட், ஆக்சைடு, குளோரைடு, சல்பைடு. 1888இல் நகராட்சி அமைந்துவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் பொட்டல்வெளி தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுக்கும் ஊரானது என்பதை இன்றும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

குறிப்பேடுகளைத் திறக்குமுன் மென்மையான தூரிகையால் தூசி தட்ட வேண்டும். பக்கங்கள் தைக்கப்பட்ட மடிப்பில் செந்தூசி கோடாகப் படிந்திருக்கும். மரங்களை வெட்டி உலைக்கும் சுரங்கத்துக்கும் கொடுத்துவிட்ட ஊரில் புழுதிப்புயல் புகாத இடமில்லை; 1936இல் ஆல்பர்ட் மோரிஸ் ஊரைச் சுற்றிச் செடிகொடிகளை மீட்கத் தொடங்கும்வரை அதுதான் நிலை. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் மேயரின் கையெழுத்து. கறுப்பு மை பழுப்பாக மாறியிருக்கும், கீழ்நோக்கி இழுத்த கோடுகள் மட்டும் தடித்திருக்கும். அதற்கு மேலே வந்திருந்த உறுப்பினர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'ஆல்டர்மேன்', அதாவது நகராட்சி உறுப்பினர் என்ற அந்நாள் பட்டம்.

சென்னை மாநகராட்சியின் பழங்கதை படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. நியூ சவுத் வேல்ஸில் 1993ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை எடுத்துவிட்டுக் 'கவுன்சிலர்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. பெண்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்ற சட்டம் 1918இலேயே வந்துவிட்டது. நின்று வென்றாலும் அவர் ஆல்டர்மேன்தான்!

என் வேலையில் முதலில் நேர்ந்த தவறு 'கவுன்சில்' என்ற சொல்லால் வந்தது. "கவுன்சில் முடிவு செய்தது" என்று தொடங்கிய நறுக்குகளை எல்லாம் நகராட்சிக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போனேன். பாதி நறுக்குகள் வேறொரு கவுன்சிலைப் பற்றியவை. 1919-20இல் பதினெட்டு மாதம் நீடித்த சுரங்க வேலைநிறுத்தம் வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்ற உரிமையை வென்றது. அந்த வலுவில் 1920களில் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி அமைத்ததுதான் பேரியர் இண்டஸ்ட்ரியல் கவுன்சில். ஊரின் வேலையையும் கடைவீதியையும் பற்றிய பல முடிவுகளை அதுவே எடுத்தது. வாக்காளர் தேர்ந்தெடுத்த கவுன்சில் ஒன்று, வாக்காளர் அஞ்சிய, நம்பிய கவுன்சில் இன்னொன்று. மூன்று வாரம் உட்கார்ந்து பிரித்தேன்.

அப்படிப் பிரித்தபோதுதான் தொழிற்சங்கக் கவுன்சிலின் ஒரு விதி கண்ணில் பட்டது. திருமணமான பெண் ஊரில் வேலை பார்க்கக் கூடாது. சில தொழில்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 1981இல் ஒரு பெண் எதிர்த்து நின்ற பிறகே அது முடிவுக்கு வந்தது.

எங்களோடு வாரம் இரண்டு நாள் தன்னார்வத்தில் வேலை செய்த மூதாட்டியிடம் கேட்டேன். "கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைச் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குப் பதிலாக என் தங்கையின் தோழி சேர்ந்தாள்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம். பஞ்ச காலத்தில் வந்த நியாயம் அது" என்றார். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்த ஊர் அது. ஆனால் யார் விட்டுக்கொடுப்பது என்பதை விட்டுக்கொடுப்பவர்களைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை. ஒரு கவுன்சில் பெண்ணை வேலையிலிருந்து அனுப்பிவிட்ட ஊரில், இன்னொரு கவுன்சிலின் நாற்காலிக்கு அவள் எந்தத் துணிவில் மனு போட்டிருப்பாள்?

2007இல் மாநில அரசு நகராட்சியைக் கலைத்து நிர்வாகியை நியமித்தது. அடுத்த ஆண்டு தேர்தலோடு கவுன்சிலர்கள் திரும்பினார்கள். 2015இல் டாரியா டர்லி மேயரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். நகராட்சி அமைந்து 127 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பெயரை அட்டவணையில் சேர்த்த அன்று மூதாட்டியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்து எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "பிழையில்லாமல் போட்டிருக்கிறாய்" என்றார்.

பிறகு நான் மேலாளரிடம் ஒரு அனுமதி கேட்டேன். குறிப்பேடுகளில் பெண்கள் வருகிறார்கள், உறுப்பினர்களாக அல்ல. தெருவிளக்கு கேட்டு, குழாய் கேட்டு, சாக்கடை நாறுகிறது என்று எழுதிய கடிதக்காரர்களாக, பெரும்பாலும் கணவரின் பெயரில். அவர்களையும் அட்டவணையில் சேர்க்கலாமா என்றேன். சேர்க்கச் சொன்னார். ஒப்பந்தத்தில் மீதியிருந்த நான்கு மாதமும் அந்தக் கடிதங்களோடுதான் போனது.