லூட்டனில் எங்கள் முதல் சீசன்

லூட்டனில் இருக்கிறேன் என்று சொன்னால் இங்கிலாந்துக்காரர்கள் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் ஏர்போர்ட் பற்றிக் கேட்பார்கள். மலிவு விமானம் பிடிக்கப் போகிற இடம், அதைத் தாண்டி அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் பொதுவான எண்ணம். வாழவே லாயக்கில்லாத ஊர்கள் என்று அவ்வப்போது யாராவது ஒரு பட்டியல் போடுவார்கள், அதில் எங்கள் ஊர் பெயர் தவறாமல் அடிபடும். 2022 செப்டம்பர் கடைசியில் நாங்கள் இங்கே வந்தபோது இதெல்லாம் தெரியாது. மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்தது, நான் டிபெண்டன்ட் விசாவில் கூட வந்தேன், வாடகை லண்டனைவிடக் குறைவு. ஊரைப் பற்றி நாங்கள் யோசித்தது அவ்வளவுதான்.

வீடு கிடைத்தது பரி பார்க் பக்கம். ஹலால் கறிக்கடை, புடவைக்கடை, மசூதி, மாம்பழ சீசனில் நடைபாதை வரை அடுக்கி வைத்த பெட்டிகள் என்று இருக்கும் பகுதி. பாகிஸ்தான், வங்கதேசத்துக் குடும்பங்கள்தான் அதிகம். கறிவேப்பிலைக்கு அலைய வேண்டியதில்லை என்று மனைவிக்குச் சந்தோஷம். கொஞ்சம் நடந்தால் ஒட்டு ஒட்டாகக் கட்டிய பழைய செங்கல் வீடுகளின் தெருக்கள், அந்தக் கூரைகளுக்குப் பின்னால் விளக்குக் கம்பங்கள். அதுதான் கெனில்வொர்த் ரோடு மைதானம். 1905 முதல் ஊர்க் கால்பந்து அணியான லூட்டன் டவுன் அங்கேதான் ஆடுகிறது, நாங்கள் வந்தபோது மொத்தமே பத்தாயிரம் பேர் சொச்சம்தான் உட்கார முடிந்தது. ஓக் ரோடு பக்கம் போய்ப் பார்த்தால்தான் நம்புவீர்கள்: வெளியூர் ரசிகர்கள் நுழையும் வாசல், வரிசை வீடுகளின் நடுவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வெட்டித் திறந்த மாதிரி இருக்கும். அதற்குள் போய் இரும்புப் படி ஏறினால் இரண்டு பக்கமும் அடுத்தவர் வீட்டுக் கொல்லைப்புறம், கொடியில் துணி காயும். டிவியில் மட்டும் இங்கிலாந்துக் கால்பந்து பார்த்து வளர்ந்த எனக்கு இது ஒரு அதிர்ச்சி.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கம் கிரிக்கெட்டுக்கு இணையாகக் கால்பந்தும் உண்டு, தூத்தூர் கடற்கரையில் மணலில் உருட்டிப் பழகிய பையன்கள் தமிழ்நாட்டுக்காகச் சந்தோஷ் டிராபி வரை போயிருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு இங்கிலாந்து என்றால் மான்செஸ்டர், லிவர்பூல், அர்செனல், செல்சி. அதற்குக் கீழே ஒரு உலகம் இருப்பது தெரியும், அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் கிடைத்தது, ஏஜென்சி மூலமாக. கூட வேலை செய்தவர்களில் பாதி ருமேனியாக்காரர்கள், சில பாகிஸ்தானியர், அப்புறம் அறுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர், லூட்டனிலேயே பிறந்து வளர்ந்தவர், சீசன் டிக்கெட்காரர். அக்டோபர் 23-ம் தேதி லூட்டன் வாட்ஃபோர்டில் போய் 4-0 என்று தோற்றது. மறுநாள் இரவு அவர் யாரோடும் பேசவில்லை. எம்1 சாலையில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் வாட்ஃபோர்ட், இரண்டு ஊருக்கும் ஜென்மப் பகை. என்ன ஆச்சு என்று நான்தான் கேட்டேன். கேட்டது ஒரு வார்த்தை, பதில் ஷிஃப்ட் முடியும் வரை வந்துகொண்டே இருந்தது.

லூட்டன் அப்போது ஆடிய சாம்பியன்ஷிப் என்பது பிரீமியர் லீகுக்கு அடுத்த இரண்டாம் டிவிஷன். 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம், பிரீமியர் லீகைவிட எட்டு அதிகம். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நேராக மேலே போவார்கள். அப்போதைய முறைப்படி மூன்று முதல் ஆறு வரை வந்தவர்கள் பிளே-ஆஃப் ஆடி, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடக்கும் இறுதியில் ஜெயிக்கிற ஒரே ஒருவர் மேலே போவார். கடைசி மூன்று பேர் கீழே விழுவார்கள். ஆகவே பதினைந்தாவது இடத்தில் இருக்கிற அணியின் ரசிகனுக்குக்கூட மார்ச் வரை ஆசையும் இருக்கும் பயமும் இருக்கும். பிரீமியர் லீகில் பாதி அணிகளுக்கு இந்தச் சுவாரஸ்யம் கிடையாது என்பது என் அபிப்பிராயம், ஊரில் நண்பர்கள் இதற்கு என்னைத் திட்டுவார்கள்.

அவர் சொன்னதில் என்னைப் பிடித்து இழுத்தது பழைய கதைதான். 1988-ல் அர்செனலை 3-2 என்று வென்று லீக் கோப்பை எடுத்த அணி இது. 1992-ல், பிரீமியர் லீக் தொடங்குவதற்குச் சரியாக முன்னால், அப்போது உச்சியில் இருந்த முதல் டிவிஷனிலிருந்து விழுந்தது. பணம் கொட்டப் போகிற நேரத்தில் கதவு சாத்தப்பட்டது. அப்புறம் கடன், திவால் நடவடிக்கை, ஏஜென்டுகளுக்குப் பணம் கொடுத்த விவகாரம். அதற்கெல்லாம் தண்டனையாக 2008-09 சீசனை நான்காம் டிவிஷனில் மைனஸ் 30 புள்ளியோடு தொடங்க வைத்தார்கள். பத்து ஆட்டம் ஜெயித்தால்தான் பூஜ்ஜியத்துக்கே வர முடியும்! லீகை விட்டே விழுந்து, ஐந்தாம் டிவிஷனில் ஐந்து வருஷம் கிடந்து, 2014-ல் திரும்பி வந்தார்கள். அந்த ஐந்து வருஷமும் ஒரு ஆட்டம் விடாமல் போனேன் என்று அவர் சொன்னபோது அதில் பெருமையைவிட எரிச்சல்தான் அதிகம் தெரிந்தது. கிளப்பை மீட்டெடுத்தது ரசிகர்கள் சேர்ந்த ஒரு குழு என்பதையும், 2014-லேயே ஊழியர்கள் எல்லோருக்கும் வாழ்வூதியம், அதாவது வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான கூலி, தருவதாகக் கையெழுத்துப் போட்ட கிளப் இது என்பதையும் அவர்தான் சொன்னார். மணிக்கணக்குக் கூலிக்குப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த எனக்கு இரண்டாவது செய்தி கோப்பையைவிடப் பெரிதாகப் பட்டது.

நவம்பரில் மேனேஜர் நேத்தன் ஜோன்ஸ் சவுத்தாம்ப்டனுக்குப் போய்விட்டார். பிரீமியர் லீக் கூப்பிட்டால் யார்தான் போக மாட்டார்கள்? ஆனால் அவர் 2019-லேயே ஒருமுறை நடு சீசனில் ஸ்டோக்குக்கு ஓடியவர், திரும்பி வந்து மன்னிப்பு வாங்கியவர். கிடங்கில் அந்த வாரம் கேட்ட கெட்ட வார்த்தைகளில் என் ஆங்கில அறிவு நன்றாக வளர்ந்தது. அடுத்து வந்தவர் ராப் எட்வர்ட்ஸ். வாட்ஃபோர்ட் அவரை வேலைக்கு எடுத்து, நாங்கள் இங்கே வந்து இறங்கிய அந்தச் சமயத்தில்தான், சீசனில் பத்தே லீக் ஆட்டம் ஆடியதும் வெளியே அனுப்பியிருந்தது. பகையாளி துரத்திவிட்ட ஆளை நாம் எடுப்பதா என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

எங்கள் வீட்டில் அப்போது வேறு கவலை. வெளிநாட்டு நர்ஸ்கள் இங்கே வந்ததும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு எழுத வேண்டும், அது பாஸானால்தான் பதிவு எண், அது வந்தால்தான் சம்பள நிலை பேண்ட் 4-லிருந்து பேண்ட் 5-க்கு ஏறும். நான் சோபாவில் நோயாளியாகப் படுத்துக்கொள்ள, அவள் நாடி பிடித்து, பெயர் கேட்டு, கை கழுவுகிற மாதிரி நடித்து, மறுபடியும் முதலிலிருந்து. இடையில் உலகக் கோப்பைக்காகச் சாம்பியன்ஷிப்பை நான்கு வாரம் போல நிறுத்தி வைத்தார்கள். ஊரிலிருந்து மெஸ்ஸி, நெய்மர் ஃப்ளெக்ஸ் படங்களாக வந்து குவிந்தன. டிசம்பரில் எட்வர்ட்ஸ் முதல் ஆட்டத்தை மிடில்ஸ்பரோவில் தோற்றார், அந்த வாரமே இவள் ஆஸ்கி பாஸானாள். எங்கள் வீட்டுப் பதவி உயர்வு லூட்டனுக்கு ஐந்து மாதம் முந்தி வந்தது என்று இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கேஸ், கரண்ட் விலை ஏறி, அரசாங்கம் மாதம் 66, 67 பவுண்டு என்று கழித்துக் கொடுத்தும் ஹீட்டரைத் தொட பயம். நாலு மணிக்கே இருட்டு. ஆட்டம் இருக்கும் சாயங்காலங்களில் மட்டும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். பக்கத்துக் கடைக்காரர், மிர்பூர் பக்கத்துப் பெரியவர், மேட்ச் நாளில் வெளியே சுற்றாதே தம்பி என்ற பாணியில் முதலில் எச்சரித்தார். அவருக்குக் காரணம் இருந்தது. 1985-ல் மில்வால் ரசிகர்கள் வந்து மைதானத்தையும் சுற்றுப்புறத்தையும் அடித்து நொறுக்கிய இரவு இங்கே பழைய ஆட்கள் யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் அவருடைய பேரன் லூட்டன் அணியின் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு அதே கடையில் நின்று சமோசா விற்றான்.

கிடங்குப் பெரியவரின் மகன் வர முடியாத ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் என்னைக் கூட்டிப் போனார். மரமும் இரும்புமாகப் பழைய ஸ்டாண்டு, முட்டி முன் சீட்டில் இடிக்கும், ஒரு தூண் கோல் கம்பத்தில் பாதியை மறைக்கும். ஆனால் ஆட்டக்காரன் மூச்சு வாங்குவது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருப்போம். லூட்டன் ஆட்டத்தில் அழகு பார்க்க வேண்டாம். பந்தைத் தூக்கி முன்னால் அடிப்பார்கள், அடேபாயோவும் கார்ல்டன் மோரிசும் தலையால் மோதுவார்கள், கீழே விழுகிற பந்துக்குப் பின்னால் மூன்று பேர் பாய்வார்கள். மோரிஸ் அந்த சீசனில் லீகில் மட்டும் 20 கோல். தூத்தூர் மணலில் இந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன், கனமான மணலில் நுணுக்கமெல்லாம் செல்லாது, முட்டி மோதித்தான் ஆக வேண்டும். இதை ஊர் நண்பனிடம் போனில் சொன்னபோது, "எலே மக்கா, இங்கிலாந்து வரைக்கும் போயி ரெண்டாம் டிவிஷனா பாக்க?" என்றான்.

ஆமாம், அதைத்தான் பார்த்தேன். சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை, மறுபடி சனிக்கிழமை என்று 46 ஆட்டம் ஓடும் லீகில் யாரோடும் பேச எப்போதும் ஏதாவது இருக்கும். பஸ் டிரைவர், முடிவெட்டுகிறவர், வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர், எல்லோரிடமும் வானிலைக்கு அடுத்து ஒரு பேச்சு கிடைத்தது. மனைவியின் வார்டில் ஒரு நோயாளி, லூட்டன் ஜெயித்த மறுநாள் மட்டும் மாத்திரையை மறுபேச்சில்லாமல் விழுங்குவாராம்.

ஏப்ரல் முதல் தேதி வாட்ஃபோர்டை இங்கே வைத்து 2-0 என்று அடித்தார்கள். கேப்ரியல் ஓஷோ ஒன்று, ஆலன் கேம்ப்பெல் ஒன்று. வாட்ஃபோர்ட் துரத்திய மேனேஜர் வாட்ஃபோர்டை வென்றார், முணுமுணுத்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. பர்ன்லி 101 புள்ளியோடு முதலிடம், ஷெஃபீல்ட் யுனைடெட் இரண்டாமிடம், லூட்டன் 80 புள்ளியோடு மூன்றாவது. பிளே-ஆஃபில் சண்டர்லாண்டிடம் வெளியூரில் 2-1 தோல்வி, மே 16 இரவு இங்கே 2-0 வெற்றி. அந்த இரவு எனக்கு ஷிஃப்ட். வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மனைவி போனை வெளியே நீட்டினாள், அந்த இரைச்சலை நான் கிடங்கின் கழிவறையில் நின்று கேட்டேன்.

மே 27, வெம்ப்ளி, எதிரில் கவென்ட்ரி. 2018-ல் இரண்டு அணிகளும் நான்காம் டிவிஷனிலிருந்து ஒன்றாகத்தான் ஏறி வந்தன. ஜெயித்தால் குறைந்தது 170 மில்லியன் பவுண்டு வருமானம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மனைவியோடு வேலை செய்யும் கேரள நர்ஸ்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள், டிவி முன்னால் மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கேப்டன் டாம் லாக்யர் தானாகச் சரிந்து விழுந்தார். அறையில் இருந்த மூன்று நர்ஸ்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், இதயத் துடிப்புக் கோளாறு என்று பிறகு தெரிந்தது. ஜோர்டன் கிளார்க் கோல் போட்டார், ஹாமர் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ஜோ டெய்லர் போட்ட கோலைக் கையில் பட்டது என்று ரத்து செய்தார்கள். பெனால்டியில் ஐந்துக்கு ஐந்து இரு பக்கமும் உள்ளே. ஆறாவதை டான் பாட்ஸ் போட்டார், கவென்ட்ரியின் டாபோ மேலே தூக்கி அடித்தார். முடிந்தது. ஐந்தாம் டிவிஷனிலிருந்து அதே அணியோடு ஏறி வந்த பெல்லி ரடக் எம்பான்சு இனி பிரீமியர் லீக் ஆட்டக்காரர். வெளியே கார் ஹாரன் நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை. கடைப் பெரியவர் வாசலில் வந்து நின்று பேரனைத் திட்டினார், திட்டிக்கொண்டே சிரித்தார்.

மேலே போய் ஒரே வருஷம். 18-வது இடம், கீழே வந்தார்கள். எட்வர்ட்ஸ் 2025 ஜனவரியில் போனார், மே மாதம் வெஸ்ட் பிராமில் 5-3 என்று தோற்று மூன்றாம் டிவிஷனுக்கே இறங்கினார்கள். ஊர் நண்பன் கேலி செய்தான். கிடங்குப் பெரியவர் மட்டும், நான் ஐந்தாவது டிவிஷனையே பார்த்தவன் என்று தோளைக் குலுக்கினார். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், நான் ஏஜென்சியை விட்டு நிரந்தர வேலைக்கு வந்துவிட்டேன்.

இப்போது எங்கள் தெருவின் பேச்சு பவர் கோர்ட் பற்றி. ஊரின் நடுவில் 25,000 பேர் உட்காரும் புது மைதானம், 2024 டிசம்பரில் கவுன்சில் அனுமதி கொடுத்துவிட்டது. கெனில்வொர்த் ரோடு போகும் என்று பழைய ஆட்களுக்கு வருத்தம். எனக்கும் கொஞ்சம் உண்டு, ஆனால் அங்கே தூண் மறைக்காது, டிக்கெட்டும் கிடைக்கும். இந்த மைதானம் போன பிறகு இங்கே வீடுகள் கட்டினால் தெருவில் வாடகை ஏறுமா இறங்குமா என்பதில்தான் எனக்கும் மனைவிக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.