பென்டாவேலன்ட் ஊசியும் அன்றிரவுக் காய்ச்சலும்

என் மகளுக்கு ஆறாவது வாரத்தில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பென்டாவேலன்ட் தடுப்பூசி போட்டோம். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் ஹிப் கிருமித் தொற்று ஆகிய ஐந்துக்கும் சேர்த்து இடது தொடையில் போடப்படும் இந்த ஊசிக்குக் காய்ச்சல் வரலாம் என்று கிராம சுகாதாரச் செவிலியர் முன்கூட்டியே சொன்னார். கடுமையான ஒவ்வாமை மிக அரிது என்றாலும், அப்படி வந்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும் என்பதால் அரை மணி நேரம் எங்களை அங்கேயே உட்காரவைத்தார்.

மாலையில் அவள் உடம்பு சுட்டது. ஊசி போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. துணி மாற்றக் காலைத் தூக்கினாலே வீறிட்டாள். எண்ணெய் தடவி நீவிவிடலாம் என்றார் என் அம்மா. தேய்க்கவே கூடாது என்று செவிலியர் சொல்லியிருந்ததால், சுத்தமான ஈரத்துணியை மட்டும் அந்த இடத்தில் வைத்தேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டதுதான் அன்றிரவு எனக்குத் தைரியம் தந்தது. அரசுத் திட்டத்தில் போடப்படும் ஊசியில் கக்குவான் இருமல் கிருமி கொல்லப்பட்டு, முழுதாகவே சேர்க்கப்படுகிறது. அதன் மேலுறையில் உள்ள பொருள்களை அடையாளம் காணும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின் போன்ற வேதிப்பொருள்களை வெளியிட, அவற்றால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு வேதிப்பொருள் உருவாகி, உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் ஹைப்போதலமஸ் என்ற மூளைப் பகுதி அந்த வெப்ப அளவை உயர்த்திவிடுகிறது. தொடை தடிப்பதற்கு, எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்காகச் சேர்க்கப்படும் அலுமினிய உப்பும் ஒரு காரணம். தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும் ‘வலியில்லாத ஊசி’யில் கிருமியின் சில புரதங்கள் மட்டுமே இருப்பதால் காய்ச்சல் குறைவு; ஆனால் கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பும் அதில் சீக்கிரம் குறைகிறது என்பதால் அரசு ஊசியே போதும் என்று நாங்கள் முடிவுசெய்தோம்.

பாராசிட்டமால் சொட்டு மருந்தை எடைக்கேற்ற அளவில், காய்ச்சல் வந்த பிறகே கொடுத்தேன். ஊசியோடு சேர்த்தே முன்னெச்சரிக்கையாகக் கொடுத்தால் எதிர்ப்புப் பொருள்கள் ஓரளவு குறைவாக உருவாகின்றன என்று 2009இல் வெளியான செக் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, வலிப்பு, பால் குடிக்க மறுப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதால், இரவு முழுவதும் கவனித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காய்ச்சல் விட்டது. தொடையிலிருந்த சிறு கட்டி கரையச் சில வாரங்கள் ஆயின.

ஒன்பதாம் மாதம் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கோ அன்று எதுவுமே இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் இலேசாகச் சுட்டது. அதிலிருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் என்பதால், அது உடலில் பெருகிய பிறகே காய்ச்சல் வரும்.