ஆந்தையை மட்டும் செதுக்கிப் பார்த்தேன்

போன வருடம் லண்டனில் ஒரு பழைய பொருள் சந்தையில், சங்கின் மேலடுக்கில் உருவத்தைப் புடைப்பாகச் செதுக்கிய கேமியோ ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) ஒன்று வாங்கினேன். அதில் இருப்பவள் நிக்ஸ், கிரேக்கர்களின் இரவுத் தேவதை. தலை கவிழ்ந்து, கண் மூடி, இரண்டு குழந்தைகளை அணைத்தபடி பறக்கிறாள். ஒரு குழந்தை தூக்கம், இன்னொன்று மரணம். பின்னால் ஓர் ஆந்தை, முகத்தை நம் பக்கம் திருப்பியபடி.

டென்மார்க் சிற்பி தோர்வால்சன் 1815-இல் ரோமில் செய்த வட்டமான புடைப்புச் சிற்பத்தைப் பார்த்துச் செதுக்கியது இது. 'பகல்' என்ற ஜோடிச் சிற்பமும் உண்டு. இத்தாலிக்கு வந்த பயணிகளுக்காகக் கேமியோக்காரர்கள் இரண்டையும் திரும்பத் திரும்பச் செதுக்கினார்கள். என் ப்ரூச்சின் ஊசி சட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கொக்கியும் பூட்டு இல்லாத வெறும் வளைவுதான். அதனால் 19-ஆம் நூற்றாண்டு வேலை என்றே நினைக்கிறேன்.

மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான் சுத்தம் செய்தது. வினிகர் பக்கமே போகக்கூடாது. சங்கு சுண்ணாம்புப் பொருள், அமிலம் பட்டால் கரையும். அழுக்கு போனதும் ஆந்தையின் இறக்கை தெரிந்தது. நடுவில் பால் வெள்ளை, ஓரத்துக்கு வர வரப் புகை மாதிரி மங்கல். சாயம் எதுவும் கிடையாது. வெள்ளை அடுக்கை மெலிதாக்க மெலிதாக்க, அடியில் இருக்கும் பழுப்பு அதன் வழியாகத் தெரிகிறது. அதைச் செய்து பார்க்காமல் விட மனம் வரவில்லை.

நேப்பிள்ஸ் பக்கத்தில், வெசுவியஸ் எரிமலை அடிவாரத்தில் தோரே தெல் கிரேகோ என்று ஓர் ஊர். பவளமும் கேமியோவும்தான் அதன் அடையாளம். இதற்கென்றே 1878-இல் அங்கே ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஆனால் சங்கு அந்தக் கடலில் கிடைப்பதில்லை. கேமியோவுக்கு எடுக்கும் ஒரு வகை, கரும்பழுப்பு அடியும் வெள்ளை மேலும் உள்ள ஹெல்மெட் சங்கு, அறிவியல் பெயர் காசிஸ் மடகாஸ்கரியென்சிஸ். பெயரில் மடகாஸ்கர் இருந்தாலும் வருவது கரீபியன் பக்கத்திலிருந்து. செம்மஞ்சள் அடி உள்ள இன்னொரு வகை கிழக்கு ஆப்பிரிக்கக் கடலிலிருந்து வருகிறது. என் ப்ரூச் முதல் வகை. அதே வகையில் வெட்டி வைத்த மூன்று முட்டை வடிவத் துண்டுகள் வாங்கினேன்.

துண்டை ஒரு மரக்குச்சியின் தலையில் அரக்கு போன்ற பிசினைச் சூடாக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஊரில் ஆசாரிகள் நகையை அரக்கில் பதித்து வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இடது கையில் குச்சி, வலது கையில் புலினோ என்ற மெல்லிய உளி. தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதனால் முகமூடி போட்டு, துண்டை ஈரமாகவே வைத்துக்கொண்டேன்.

முதல் துண்டு வீணாகிவிட்டது. ஆந்தையின் மார்பை உருட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி எட்டிப் பார்த்தது. வெள்ளை அங்கே முடிந்துவிட்டது. போன வெள்ளையைத் திரும்ப வைக்க வழியில்லை. சங்கின் வெள்ளை எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மேலே முண்டு, அதாவது புடைத்த மேடு, இருக்கும் இடத்தில்தான் அதிகம். பழைய கைகள் அந்த முண்டைப் பார்த்துவிட்டுத்தான் தலையை எங்கே வைப்பது என்று முடிவு செய்திருக்கின்றன. நான் காகிதத்தில் வரைந்த படத்தை அப்படியே நடுவில் ஒட்டிவிட்டேன்.

இரண்டாவது துண்டில் முதலில் முண்டைத் தேடி, அங்கே ஆந்தையின் நெற்றியை வைத்தேன். இறக்கைக்குப் பதினொரு நாள் ஆனது. நாலு கீறல் போட்டதும் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பேன். ஒளி ஊடுருவும்போது மெலிந்த இடம் உடனே தெரியும். ஓர் ஓரத்தில் அந்தப் புகை நிறம் கிடைத்துவிட்டது, ஒரு நகக்கண் அளவுக்கு.

அப்புறம் லென்ஸ் வைத்து ப்ரூச்சைப் பார்த்தேன். அந்தச் சிற்பி இறக்கை முழுவதையும் பத்துப் பன்னிரண்டு கீறலில் முடித்திருக்கிறார். என்னுடையதில் நாற்பதுக்கு மேல். அவர் இறக்கையின் விளிம்புக்கு அடியில் உளியைச் சாய்த்துக் குடைந்து ஒரு நிழல் கோடு விட்டிருக்கிறார், அதனால்தான் ஆந்தை பழுப்புப் பின்னணியை விட்டு எழும்பி நிற்கிறது. ஒரு வருடமாகக் கையில் வைத்திருந்தும் அந்தக் கோடு என் கண்ணில் பட்டதே இல்லை.

நேற்று மூன்றாவது துண்டைக் குச்சியில் ஒட்டினேன். இந்த முறை தூங்கும் குழந்தையின் தலையும் சேர்த்து. முண்டு ஒன்றுதான் இருக்கிறது. அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, ஆந்தையைச் சரிவில் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன்.