ரெவின்யூ ஸ்டாம்ப்

நேற்று எங்கள் தொண்டு நிறுவனத்தில் ஒரு நேர்காணல். களப்பணியாளர் வேலைக்கு வந்திருந்த பெண், சம்பளத்தைச் சொன்னதும் தயங்கியபடி கேட்டார்: "இதில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. நான் முதலில் சேர்ந்த தொண்டு நிறுவனத்தில் ஊழியர்கள் 18,000 ரூபாய் சம்பளத்துக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்திட்டுவிட்டு 12,000 வாங்கிக்கொண்டு போவார்கள். மீதி 'நன்கொடை'. அதற்கு ரசீதும் கிடையாது. ஸ்டாம்பை நாக்கில் தொட்டு சம்பளப் பதிவேட்டில் ஒட்டியவன் நான்தான். அந்தப் பசையின் கசப்பு இன்னும் நினைவிருக்கிறது.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில், அந்த நன்கொடையிலிருந்து நிர்வாகத்துக்குச் செலவிடும் வரம்பை 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். முறைகேட்டைத் தடுக்கவாம். கணக்காளர் சம்பளமும் என் சம்பளமும் அந்த இருபதுக்குள்தான் அடங்க வேண்டும். கத்தரி முதலில் விழுவது கணக்குப் பார்க்கிற ஆள் மேல்! (என் மேலும்தான், மறைப்பானேன்.)

"ஒரு ரூபாயும் தர வேண்டாம். பி.எஃப். பிடித்தம் போக முழுதும் வங்கிக் கணக்கில் வரும்" என்றேன்.

அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. "பணி ஆணையில் அதை எழுதித் தருவீர்களா?" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.