முறப்பநாட்டுக்குக் கீழே

இரண்டு மழைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1992 நவம்பர் 13, மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை மலையில் இருக்கும் காக்காச்சியில் ஒரே நாளில் 96.5 செ.மீ. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் மழை தேயிலைத் தோட்டத்தின் மேல் கொட்டியது; இரண்டாவது, ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் கொட்டியது. தாமிரபரணியின் தலையில் ஒன்று, காலடியில் ஒன்று.

இந்த ஆற்றின் வடிநிலத்தை, அதாவது மழை வடிந்து ஆற்றில் சேரும் நிலப்பரப்பை, கணினியில் மாதிரியாகக் கட்டுவதுதான் என் ஆராய்ச்சி. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "பாபநாசம் அணையை முன்கூட்டியே திறந்துவிட்டிருந்தால் தப்பித்திருக்கலாமா?" அக்கறையில் கேட்கிறார்கள், தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி நம் கண்ணை மறுபடியும் மலைப் பக்கமே திருப்பிவிடுகிறது என்று நினைக்கிறேன். மலையிலும் அன்று பெரிய மழைதான், மறுக்கவில்லை. ஆனால் திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பெய்த தண்ணீர் எந்த அணையின் வழியாகவும் வரவில்லை. அது அணைகளுக்குக் கீழே, சமவெளியிலேயே விழுந்த மழை.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்துவது 'ஸ்வாட்' என்ற மென்பொருள். அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது; உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நிலத்தின் மேடு பள்ளம், மண் வகை, என்ன பயிர், எங்கே காடு, தினசரி மழை, வெப்பம் எல்லாவற்றையும் கொடுத்தால், எந்த ஓடையில் எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்குப் போட்டுத் தரும். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க, ஆற்றில் உண்மையில் ஓடிய அளவோடு ஒப்பிட வேண்டும். தாமிரபரணியில் அதற்கு நாங்கள் நம்பியிருப்பது முறப்பநாட்டில் இருக்கும் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம். பாலத்தில் போகும்போது பலரும் பார்த்திருப்பீர்கள், வல்லநாட்டுக்குப் பக்கம்.

ஒப்பீட்டுக்கு நாஷ்-சட்கிளிஃப் என்று ஓர் எண் உண்டு, 1970இலிருந்து புழக்கத்தில் இருப்பது. 1 வந்தால் மாதிரி அப்படியே பொருந்துகிறது. 0 வந்தால் வெறும் சராசரியைச் சொல்லிவிட்டுப் போவதும் மாதிரியும் ஒன்றுதான். முறப்பநாட்டில் நல்ல எண்ணைக் கொண்டுவர முடியும். அதை வைத்துத்தான் கட்டுரைகள் ஏற்கப்படுகின்றன, திட்ட அறிக்கைகள் எழுதப்படுகின்றன. ஆனால் மருதூர் அணைக்கட்டும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் முறப்பநாட்டுக்குக் கீழே இருக்கின்றன. ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர் எல்லாம் அதற்கும் கீழே. அங்கே விழும் மழை முறப்பநாட்டு அளவுகோலை ஒருபோதும் தொடுவதில்லை. மேலே எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும், கீழே மாதிரி சொல்வதைச் சரிபார்க்க ஆளில்லை.

என் அத்தை ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வெள்ளம் வடிந்த பிறகு போனபோது அவர் சொன்னது: "ஆத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம். தண்ணி குளத்துப் பக்கமிருந்துல்லா வந்துச்சு." நீரியல் மாதிரி எழுதுகிற யாரும் அந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

குளத்துப் பக்கம் என்றால் என்ன? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. அவற்றில் கோத்தாற்போலக் குளங்கள். ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். தென்கால் பக்கம் கடம்பா குளம், வடகால் பக்கம் கோரம்பள்ளம் குளம். பிசான சாகுபடிக்காக டிசம்பரில் இந்தக் குளங்கள் நிரம்பியிருப்பதுதான் வழக்கம், அதுதான் விவசாயிக்குச் சந்தோஷமும். அந்த நிலையில்தான் 60 செ.மீ. மழை மேலே விழுந்தது. மறுகால் தாங்காது, கரை போகும். ஒரு குளம் உடைந்தால் அதன் தண்ணீர் முழுதும் கீழ்க் குளத்தின் கரையில் போய் முட்டும்.

ஸ்வாட்டில் இது எப்படி வருகிறது தெரியுமா? ஒரு துணை வடிநிலத்தில் இருக்கிற அத்தனை குளங்களையும் சேர்த்து ஒரே ஒரு குளமாக வைத்துக்கொள்ளும். அந்தக் குளம் நிரம்பும், வழியும். உடையவே உடையாது. ஐம்பது ஆண்டுத் தண்ணீர்ப் பற்றாக்குறையை ஆராய அது போதும். ஒரு இரவில் ஊர் எப்படி மூழ்கியது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

மண்ணையும் சொல்ல வேண்டும். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் தேரி. குதிரைமொழித் தேரியில் நடந்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே போய்விடும். ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிப் பக்கம் கரிசல். ஈரம் ஏறிவிட்டால் அப்புறம் சொட்டு நீரை உள்ளே விடாது. இந்த வித்தியாசத்தை நாங்கள் 'கர்வ் நம்பர்' என்ற எண்ணால் குறிக்கிறோம்; எண் கூடினால் மண்ணில் இறங்காமல் மேலே ஓடும் தண்ணீரும் கூடும். நடுத்தரமான வயல்காட்டுக்கு 80 என்று வைத்துக்கொள்வோம். 5 செ.மீ. மழை பெய்தால் அந்தச் சூத்திரப்படி ஓடுவது 1.4 செ.மீ.தான், மீதியை மண்ணும் பள்ளங்களும் வாங்கிக்கொள்ளும். அதே நிலத்தில் 95 செ.மீ. பெய்தால்? கிட்டத்தட்ட 88 செ.மீ. ஓடும். மழை 19 மடங்கு, ஓட்டம் 60 மடங்குக்கும் மேல். "அந்தக் காலத்து மழையெல்லாம் நாங்க பாக்காததா" என்று சொல்லும் பெரியவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

இன்னொரு கணக்கு. ஆயிரம் சதுர கிலோமீட்டரில் சராசரியாக 60 செ.மீ. பெய்தால் விழும் தண்ணீர் 60 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 21 டிஎம்சி. பாபநாசமும் மணிமுத்தாறும் முழுதாக நிரம்பினால் இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 11 டிஎம்சி. அணையைச் சுற்றியே பேசிக்கொண்டிருப்பது ஏன் போதாது என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

சரி, பருவநிலை மாற்றத்துக்கு வருகிறேன். உலகப் பருவநிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும்; ஒரு கட்டம் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அகலமாவது இருக்கும். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை நேர்கோட்டில் அளந்தால் அவ்வளவு கூட வராது. நம் ஆறு முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்தில் 1,800 மீட்டருக்கு மேல் நிற்கும் பொதிகையும் கடற்கரையும் கலந்து ஒரு சராசரி மேடு. தென்மேற்குப் பருவமழையை மலை வாங்கிக்கொள்கிறது, சமவெளி வடகிழக்கை நம்பியிருக்கிறது என்ற இந்த ஆற்றின் அடிப்படைக் குணமே அதில் காணாமல் போகிறது. நுணுக்கமான வட்டார மாதிரிகள் 25 கிலோமீட்டர் வரை இறங்குகின்றன. அப்போது மலை கொஞ்சம் தலைகாட்டும். பிறகு அந்த எதிர்கால மழையை, கடந்தகால மழைப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துவோம். சிக்கலே அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. காயல்பட்டினத்தின் பழைய பதிவில் 95 இல்லை. இல்லாததை வைத்து எப்படித் திருத்துவது?

அதனால் "2050இல் தாமிரபரணியில் இத்தனை சதவீதம் தண்ணீர் கூடும்" என்று ஒற்றை எண்ணைச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இது: காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். ஒரு நாளில் கொட்டும் மிகக் கனத்த மழையும், உலக அளவில், அதே விகிதத்தில் வலுக்கும் என்று ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை சொல்கிறது. அது தேயிலைத் தோட்டத்தில் விழுமா, தேரியில் விழுமா என்பதை எந்த மாதிரியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் தயாராக இருப்பதுதான் வழி.

தாமிரபரணி-கருமேனியாறு-நம்பியாறு இணைப்புக் கால்வாயை நான் ஆதரிக்கிறேன். திசையன்விளைப் பக்கத்துக் கிணறுகளுக்கு அது உயிர். ஆனால் அது கன்னடியன் கால்வாய் வழியாக, மேலே வரும் உபரியை எடுத்துப் போவது. வினாடிக்கு 3,200 கன அடிக்குத் திட்டமிட்டது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே விழும் மழைக்கு அது ஒன்றும் செய்ய முடியாது. கீழ்ப்பகுதிக்கு வேண்டியது வேறு: ஒவ்வொரு குளத்தின் இப்போதைய கொள்ளளவு, மறுகாலின் அகலம், மறுகால் ஓடை கடல் வரை எங்கே அடைபட்டிருக்கிறது என்ற அளவை. இதைச் செய்யப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். ஆட்கள் நடந்து அளக்க வேண்டும். அந்த அளவுகள் கிடைத்தால் ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியாக, உடைகிற குளமாக, மாதிரிக்குள் வைக்க முடியும்.

அதுவரை எனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே கருவி உங்கள் வீட்டுச் சுவர். ஸ்ரீவைகுண்டம் முதல் புன்னைக்காயல் வரை, 2023 வெள்ளத்தின் கறை இன்னும் தெரிகிற சுவர்கள் இருக்கின்றன. பல வீடுகளில் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கறை இருந்தால் அடிப்பதற்கு முன்னால், தரையிலிருந்து அது எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று டேப்பால் அளந்து, டேப்போடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு வாசலைத் தொட்டது, எப்போது வடியத் தொடங்கியது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஆற்றுப் பக்கமா, குளத்துப் பக்கமா என்பதை மறக்காமல் எழுதுங்கள். வாய்ப்புக் கிடைக்கும்போது ஒவ்வொரு ஊராக வந்து வாங்கிக்கொள்கிறேன்.