லூ கிளைப் பாதை: கார்ன்வால் நாட்குறிப்பு

ஜூன் 9, லிஸ்கார்டு

இங்கிலாந்தின் தென்மேற்கில், கார்ன்வாலின் லிஸ்கார்டு நிலையத்தில், பென்ஸான்ஸ் செல்லும் பிரதான பாதையை ஒட்டாமல், அதற்குச் செங்குத்தாகத் தனியே ஒதுங்கி நிற்கிறது, கடற்கரை ஊரான லூவுக்குப் போகும் ரயிலின் நடைமேடை. இந்தக் கிளை, பிரதான பாதையிலிருந்து பிரிந்து பிறந்ததல்ல. வயல்களுக்குச் சுண்ணாம்பும் கடல்மணலும் கொண்டுவர 1828இல் இங்கே ஒரு கால்வாய் வெட்டினார்கள். பிறகு காரடன் மலையில் செம்பு கிடைத்தது. மலையிலிருந்து மூர்ஸ்வாட்டர் வரை ரயிலில் வந்த தாதுவையும் கருங்கல்லையும் லூ துறைமுகம் சேர்க்கப் படகுகள் போதாமல் போனதால், கால்வாய் நிறுவனமே தன் கால்வாயின் ஓரமாகத் தண்டவாளம் போட்டு 1860 டிசம்பரில் சரக்கு ரயிலை ஓடவிட்டது. பயணிகளை ஏற்றியது 1879இல்தான்.

ஜூன் 10, லூ

தொடக்கத்தில் பயணிகள் பள்ளத்தாக்கின் அடியில் மூர்ஸ்வாட்டரில் இறங்கி, மேட்டிலுள்ள லிஸ்கார்டு நிலையத்துக்கு ஏறிச் செல்ல வேண்டியிருந்தது. தலைக்கு மேலே வளைவுப் பாலத்தில் பிரதான பாதை ரயில் போவதைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே மூட்டையோடு நடந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். 1901இல் அந்த இடைவெளியை இணைத்தார்கள். 40 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறும் அந்த இணைப்பு, பிரதான பாதையின் அடியில் நுழைந்து, ஏறக்குறைய முழு வட்டமாகச் சுற்றிவருகிறது.

இன்று காலை ரயில் அந்த வளைவில் சக்கரங்கள் கிறீச்சிட இறங்கி, கூம் சந்திப்பில் நின்றது. கார்டு கீழே இறங்கிச் சென்று, பாதையோரத்து நெம்புகோலை இழுத்துத் தடம் மாற்றினார். ஓட்டுநர் மறுமுனைக்குப் போய் அமர்ந்ததும் ரயில் வந்த திசைக்கே திரும்பியதுபோல் புறப்பட்டு, லூவை நோக்கி விலகியது. செயின்ட் கீன், காஸ்லாண்ட், சாண்ட்பிளேஸ் மூன்றும் கேட்டால்தான் நிற்கும் நிறுத்தங்கள்; இறங்குபவர் கார்டிடம் முன்பே சொல்ல வேண்டும், ஏறுபவர் ஓட்டுநருக்குக் கைகாட்ட வேண்டும். சாண்ட்பிளேஸ் தாண்டியதும் ஆறு அகன்று கழிமுகமாகிறது. தண்டவாளம் நீரின் விளிம்பிலேயே ஓடுகிறது.

ஜூன் 11, லூ

இழப்பில் ஓடிய பாதைகளை மூடப் பரிந்துரைத்து 1963 மார்ச்சில் வெளியான பிரிட்டிஷ் ரயில்வேயின் பீச்சிங் அறிக்கை இந்தப் பாதையையும் மூடச் சொன்னது. அந்த அறிக்கையின் பயணிகள் கணக்கு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரத்தில் எடுக்கப்பட்டது. கோடையில் கடற்கரைக்கு வருபவர்களால் வாழும் ஊரை ஏப்ரலில் அளந்தால் பெட்டிகள் காலியாகத்தானே இருக்கும்! கிளைப் பாதையில் ஏறியவர் பிரதான பாதையில் தொடர்ந்த நெடும்பயணத்தின் வருமானத்தையும் கிளையின் பங்காகப் போதிய அளவு மதிக்கவில்லை என்பதே என் முக்கியமான மனக்குறை. இழப்பை மட்டும் கிளையின் தலையில் எழுதுவது நியாயமான கணக்கு ஆகாது.

மூடும் நாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், 1966இல் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காஸில் அதைத் தடுத்தார். லூவுக்கு வரும் சாலைகள் குறுகலானவை, வளைந்து நெளிபவை. கோடைக் கூட்டத்தைப் பேருந்துகளால் சுமக்க முடியாது. கார்ன்வாலின் மற்றொரு கிளைப் பாதையான ஹெல்ஸ்டன் கிளைக்கு இந்த நல்வாய்ப்பு இல்லை. அறிக்கை வருவதற்கு முன்பே, 1962இல், அங்கே பயணிகள் ரயில் நின்றுவிட்டது.

ஜூன் 12, கால்ஸ்டாக்

டேமர் ஆற்றின் மேல் 12 வளைவுகளுடன் சுமார் 120 அடி உயரத்தில் நிற்கும் ரயில் பாலத்தைப் பார்க்க வந்தேன். கான்கிரீட் கட்டிகளால் கட்டி 1908இல் திறக்கப்பட்டது. இதைக் கடந்து காலிங்டன் வரை சென்ற பாதையில் கன்னிஸ்லேக்குக்கு அப்பால் உள்ள பகுதியை 1966இல் மூடிவிட்டார்கள். எஞ்சியதை, லூவைப் போலவே, மோசமான சாலைகள்தான் காப்பாற்றின. சாலை நன்றாக இருந்த ஊர்கள் ரயிலை இழந்தன என்பது இந்த வட்டாரத்தின் வரலாற்றில் எனக்குப் பொறுக்க முடியாத பகுதி. அந்த ஊர்களிலும் கார் இல்லாதவர்கள் வாழ்ந்தார்கள்.